விண்டோஸ் 10 இன்னும் வச்சிருக்கிறீங்களோ? 2026 அக்டோபர் 13க்கு முன்னம் மாத்திற வழி

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கைக்குள்ள மட்டும் எனக்குத் தெரிஞ்சு ஏழு வீட்டில இன்னும் விண்டோஸ் 10 ஓடுது, கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான், "அது நல்லாத்தானே ஓடுது தம்பி, ஏன் வீணா கை வைப்பான்". ஓடுறது உண்மைதான். மைக்ரோசொப்ட்டின்ர சப்போர்ட், அதாவது அவை விடுற பாதுகாப்பு அப்டேட், முடிஞ்ச மறுநாள் ஸ்கிரீன் கறுத்துப் போகாது, சத்தம் போடாது, எப்பவும் போல வேர்ட் திறக்கும் யூடியூப் ஓடும், அதாலதான் ஒருத்தரும் திகதியைப் பெரிசா எடுக்கிறேல்லை. ஆனா திகதி முக்கியம், ஏனெண்டு சொல்லிட்டு பிறகு எப்பிடி மாத்திறது எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசியுங்கோ.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. அதுக்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு வீட்டுக் கொம்பியூட்டருக்கு எண்டு ஒரு வருசம் நீட்டிக் குடுத்தவை, பதிஞ்சு எடுத்தா பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், அந்த ஒரு வருசம் 2026 அக்டோபர் 13 வரைக்கும். அதே நாளிலதான் விண்டோஸ் 11 இன்ர 24எச்2 பதிப்புக்கும், ஹோம், புரோ ரெண்டுக்கும், சப்போர்ட் முடியுது, ஒபிஸ் 2021க்கும் முடியுது. அதால "நான் எப்பவோ 11 போட்டிட்டன்" எண்டு இருக்கிற ஆக்களும் ஒருக்கா தங்கட பதிப்பு என்னெண்டு பாக்கோணும்.

மைக்ரோசொப்ட் ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் விடும், எங்களுக்கு வந்து சேர அண்டைக்கு இரவாகும். ஒரு அப்டேட் வெளிய வந்தா அதில எந்த ஓட்டையை அடைச்சிருக்கு எண்டு கள்ளரும் பிரிச்சுப் பாப்பாங்கள், விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளுக்க கனக்க பொதுவான பகுதி இருக்கிறபடியா 11இல அடைச்ச ஓட்டை 10இல திறந்தபடி இருக்கு எண்டு அவங்களுக்கு வழி காட்டினமாதிரித்தான். 2017இல வோனாகிரை எண்டு, ஃபைலைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ் ஒண்டு உலகம் முழுக்க பரவினது ஞாபகம் இருக்கும், இங்கிலாந்தில ஆஸ்பத்திரி வேலைகளே குழம்பிப் போச்சு, அது பரவத் தொடங்கினது மே 12, அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் வந்தது மார்ச் 14. இடையில ரெண்டு மாசம் இருந்தது. அப்டேட் போட்டவை தப்பினவை, போடாதவை மாட்டினவை.

எனக்கு இதில கவலை ஏனெண்டா கொட்டாஞ்சேனையில எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை டைப்செட்டிங், போட்டோகொப்பி கடை வச்சிருக்கிறார். அவற்ற மேசைக் கொம்பியூட்டருக்குள்ள இருக்கிறது அவற்ற சாமான் மட்டும் இல்லை, ஸ்கான் பண்ண வந்த ஆக்களின்ர அடையாள அட்டை, பாஸ்போர்ட் முதல் பக்கம், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கடிதம், பள்ளிக்கூட டேர்ம் டெஸ்ட் பேப்பர் எல்லாம் டவுன்லோட்ஸ் போல்டரில குவிஞ்சு கிடக்கு. ஊராக்களின்ர பென் டிரைவ் எல்லாம் நாள் முழுக்க அதிலதான் குத்துப்படுது. இப்பிடி ஒரு மெஷின் அப்டேட் இல்லாம நிக்கிறது எனக்கு நித்திரை வராத விசயம்.

சரி, வேலைக்கு வருவம். முதல்ல உங்களிட்ட என்ன இருக்கு எண்டு பாருங்கோ. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமத்தினா ஒரு சின்னப் பெட்டி வரும், அதில டபிள்யூ ஐ என் வி இ ஆர் எண்டு இடைவெளி இல்லாம அடிச்சு என்டர் தட்டுங்கோ. 10 எண்டு காட்டினா பக்கத்தில 22எச்2 எண்டும் இருக்கோணும், அதுதான் 10இன்ர கடைசிப் பதிப்பு, இல்லாட்டி முதல் அதுக்கு வந்து சேருங்கோ. 11 எண்டு காட்டி 24எச்2 இருந்தா உங்களுக்கு வேலை லேசு, செட்டிங்ஸில விண்டோஸ் அப்டேட்டுக்குப் போனா 25எச்2 நிக்கும், அதைப் போட்டா சரி, ஹோம், புரோவுக்கு 2027 அக்டோபர் 12 வரைக்கும் கவலை இல்லை. 24எச்2 வில இருந்து போறதுக்கு அது சின்ன அப்டேட்தான், ஒரு ரீஸ்டார்ட்டோட முடிஞ்சிடும்.

10இல நிக்கிற ஆக்கள் அடுத்து புரொசசரைப் பாக்கோணும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அங்க இன்டெல் கோர் ஐ5 எண்டு போட்டு ஒரு கோடு போட்டு நம்பர் இருக்கும். அந்த நம்பர் 8250 எண்டா முதல் இலக்கம் 8, எண்டா எட்டாவது ஜெனரேஷன், 11க்கு ஓகே. 7200 எண்டா ஏழாவது, 4590 எண்டா நாலாவது, ரெண்டும் சரிவராது. 10210 மாதிரி அஞ்சு இலக்கமா இருந்தா பத்தாவது, பிரச்சினை இல்லை. ஏஎம்டி எண்டா ரைசன் 2000 வரிசையில இருந்து பெரும்பாலும் சரி. இதைவிட ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி எண்டு அவை சொல்லுற குறைஞ்ச அளவு, ஆனா 4 ஜிபி ராமில 11 ஓட்டுறது ஆமை வேகம்தான், 8 ஆவது போடுங்கோ. மைக்ரோசொப்ட்டின்ர பிசி ஹெல்த் செக் எண்ட இலவச சொப்ட்வெயாரைப் போட்டா எது குறையுது எண்டு அதுவே சொல்லும்.

இதில ஒரு விசயம் அழுத்திச் சொல்லோணும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் பாவிச்ச லப்டொப் வாங்கப் போற ஆக்கள் "ஐ7 தம்பி, ஐ7" எண்டு சந்தோசமா வந்து காட்டுவினம், பாத்தா ஆறாவது ஜெனரேஷன். ஆறாவது ஐ7க்கு 11 சப்போர்ட் இல்லை, எட்டாவது ஐ3க்கு இருக்கு. காசு குடுக்க முன்னம் மெஷினைப் போட்டு அந்த அபவுட் பக்கத்தை உங்கட கண்ணால பாருங்கோ, ஸ்டிக்கரை நம்பாதேங்கோ.

புரொசசர் சரி, ஆனா ஹெல்த் செக் டிபிஎம் (11 கேக்கிற பாதுகாப்புச் சிப்) இல்லை எண்டு சொன்னா உடனே மனம் விடாதேங்கோ. கனக்க மெஷினில அது இருக்கு, ஆனா ஓஃப் பண்ணிக் கிடக்கு. பயோஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் ஏற முன்னம் வாற மெஷினின்ர செட்டிங்ஸுக்குள்ள போய் (ஸ்டார்ட் ஆகேக்க எஃப்2 இல்லாட்டி டிலீட், கொம்பனிக்குக் கொம்பனி மாறும்) இன்டெல் எண்டா பிடிடி, ஏஎம்டி எண்டா எஃப்டிபிஎம் எண்ட பேரில தேடி ஓன் பண்ணுங்கோ. ஸ்டார்ட் ஆகேக்க கள்ள சொப்ட்வெயார் ஏறாமத் தடுக்கிற செக்யூர் பூட்டும் அங்கதான். ஆனா விண்டோஸ் பழைய லெகசி முறையில போட்டிருந்தா பயோஸை சும்மா யூஇஎஃப்ஐ எண்ட புது முறைக்கு மாத்தினா மெஷின் ஸ்டார்ட் ஆகாது, டிஸ்க்கின்ர பிரிப்பு முறையை எம்பிஆரில இருந்து ஜிபிடிக்கு மாத்தின பிறகுதான் அது, அதுக்கு விண்டோஸுக்குள்ளயே டூல் இருக்கு, எண்டாலும் பழக்கம் இல்லாட்டி தெரிஞ்ச ஒராளைப் பக்கத்தில வச்சுச் செய்யுங்கோ. இன்னொண்டு, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஓனில இருந்தா பயோஸைத் தொட முன்னம் அந்த 48 இலக்க ரிக்கவரி கீயை எடுத்து பேப்பரில எழுதி வையுங்கோ, பெரும்பாலும் உங்கட மைக்ரோசொப்ட் அக்கவுண்டுக்குள்ள இருக்கும். அது இல்லாம பூட்டுப்பட்டா உங்கட பிள்ளையின்ர படங்கள் உங்களுக்கே திறக்காது.

இப்ப பேக்கப். அப்கிரேட் ஒரு மணித்தியால வேலை எண்டா பேக்கப் அரை நாள் வேலை, அப்பிடித்தான் இருக்கோணும். எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க் ஒண்டை எடுத்து டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நாலையும் முழுசாக் கொப்பி பண்ணுங்கோ. டி டிரைவில இருக்கிறது பத்திரம் எண்டு ஒரு நம்பிக்கை எங்கட ஆக்களிட்ட இருக்கு, அது ஒரே டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சது மட்டும்தான், டிஸ்க் செத்தா ரெண்டும் சாகும். எங்கட மாமி ஒராள் லப்டொப் ஸ்லோ எண்டு ஒரு கடையில குடுத்தவ, அவங்கள் கேட்காமக் கொள்ளாம முழு டிஸ்க்கையும் போர்மட் பண்ணிக் குடுத்திட்டாங்கள், டி டிரைவில இருந்த மாமாவின்ர கடைசிப் படங்கள் எல்லாம் போச்சு. அதால கடையில குடுக்கிறதெண்டாலும் பேக்கப்பை நீங்கள் எடுத்திட்டுக் குடுங்கோ. பிரவுசரில சேவ் பண்ணின பாஸ்வேர்ட், வைபர் வட்ஸ்அப்பால வந்து அங்கங்க கிடக்கிற ஃபைல், கணக்கு சொப்ட்வெயாரின்ர டேட்டா, இதுகளையும் மறக்காதேங்கோ. கொப்பி முடிஞ்சா அந்த டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு மெஷினில குத்தி நாலைஞ்சு ஃபைலைத் திறந்து பாருங்கோ. திறந்து பாக்காத பேக்கப்பை நான் பேக்கப் எண்டு கணக்கெடுக்கிறேல்லை.

தமிழில டைப் பண்ணுற ஆக்களுக்கு இன்னொரு முக்கியமான சாமான் இருக்கு, ஃபொன்ட். கொட்டாஞ்சேனை அண்ணையின்ர முதல் மெஷினை நான்தான் பழசை அழிச்சு கிளீனா 11 போட்டுக் குடுத்தனான், ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்தன், பிரிண்டர் வேலை செய்தது, சந்தோசமா வீட்ட வந்திட்டன். மறுநாள் காலமை ஆறரைக்கு கோல். ஒரு டீச்சர் டேர்ம் டெஸ்ட் பேப்பர் பிரிண்ட் எடுக்க வந்து நிக்கிறா, ஃபைலைத் திறந்தா தமிழ் எண்டு இருக்கவேண்டிய இடத்தில ஜே கே பி ஓ செமிக்கோலன் எண்டு வரிசையா நிக்குது, பேப்பர் முழுக்க அப்பிடி. எனக்கு உடனே விளங்கிட்டுது. பாமினி ஃபொன்ட் யூனிகோட் (எல்லா மெஷினிலயும் தமிழாவே தெரியிற பொது முறை) இல்லை, இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில தமிழ் வடிவத்தைக் கீறி வச்சிருக்கிற ஃபொன்ட், அது மெஷினில இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியும். எழுதினது அழியேல்லை, ஆனா வாசிக்க ஏலாது. கடையில ரெண்டாவது மெஷினில பாமினி இருந்தபடியா போனிலயே சொல்லி, சி டிரைவுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள ஃபொன்ட்ஸ், அங்க இருந்து பென் டிரைவுக்கு, பென் டிரைவில இருந்து புது மெஷினுக்கு எண்டு அனுப்பி ஏழு மணிக்கு முன்னம் பேப்பர் வெளிய வந்தது. ஆனா அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் கல்யாணக் கார்டுக்கும் அவர் பாவிக்கிற அலங்கார ஃபொன்ட் அந்த மெஷினில மட்டும்தான் இருந்தது, அதுகளைத் தேடிப் பொறுக்க ரெண்டு நாள் போச்சு. ஃபொன்ட்ஸ் போல்டரைப் பாக்காம விட்டது என்ர பிழை, நீங்கள் அதை விடாதேங்கோ, அந்த முழுப் போல்டரையும் ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ.

இதோட சேர்ந்தது, புதுசா வேர்ட் போட்டா ஓட்டோகரெக்ட் வசன முதல் எழுத்தை கெப்பிட்டல் ஆக்கும், பாமினியில சின்ன ஜே தானா, பெரிய ஜே துனா, அதால தமிழ் எண்டு அடிச்சா துமிழ் எண்டு மாறி நிக்கும். ஓட்டோகரெக்ட் ஒப்ஷனுக்குள்ள போய் அந்த கெப்பிட்டல் டிக்கை எடுத்து விட்டா சரி. யூனிகோடில அடிக்கிற ஆக்களுக்கு தமிழ் 99, அஞ்சல் எண்ட ரெண்டு கீபோர்ட் முறையும் விண்டோஸுக்குள்ளயே இருக்கு, செட்டிங்ஸில டைம் அண்ட் லாங்குவேஜில தமிழைச் சேர்த்தா சரி, தனி சொப்ட்வெயார் தேவையில்லை.

போட முன்னம் இன்னும் ரெண்டு மூண்டு. சி டிரைவில 20 ஜிபிக்குக் குறையாம இடம் இருக்கோணும், நான் 30 பாத்துத்தான் தொடங்குவன். டவுன்லோட் கனக்க ஜிபி வரும், உங்கட பேக்கேஜில இரவு டேட்டா தனியா இருந்தா படுக்கப் போகேக்க போட்டு விடுங்கோ, ரெண்டு மூண்டு மெஷின் இருக்கிற வீடு, கடை எண்டா மீடியா கிரியேஷன் டூலால 8 ஜிபி பென் டிரைவ் ஒண்டில ஒருக்கா எடுத்தா எல்லாத்துக்கும் பாவிக்கலாம். மைக்ரோசொப்ட்டின்ர சைட்டில இருந்து மட்டும் எடுங்கோ, ஆரோ கிராக் பண்ணிக் குடுத்த பென் டிரைவால போட்டா இவ்வளவு பாடுபட்டதுக்கும் அர்த்தம் இல்லை. விண்டோஸ் 10 முறையா அக்டிவேட் ஆகி இருந்தா 11 இலவசம், கீ வாங்கச் சொல்லி ஆரும் காசு கேட்டா குடுக்காதேங்கோ.

கரண்ட் விசயம் எங்கட ஊரில தனிப் பாடம். 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் போயிட்டுது எண்டாலும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷனுக்குள்ள ஒரு குரங்கு போனதால நாடு முழுக்க கரண்ட் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சொல்லிக்கொண்டு வராது. லப்டொப் எண்டா பற்றரி நிறையச் சார்ஜ் ஏத்தி, சார்ஜரையும் குத்தி வச்சுத் தொடங்குங்கோ. மேசைக் கொம்பியூட்டர் எண்டா யுபிஎஸ் வேணும், அந்த யுபிஎஸ் பற்றரி உண்மையா எவ்வளவு நேரம் தாங்குது எண்டு முதல்நாளே பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, கனக்க வீட்டில அது ரெண்டு நிமிசம்தான்.

பிறகு போடுறது உண்மையில ஒண்டும் இல்லை. வேற கொம்பனி அன்டிவைரஸ் இருந்தா கழட்டுங்கோ, பிரிண்டர், எக்ஸ்டேர்னல் டிஸ்க் எல்லாம் பிடுங்குங்கோ, செட்டிங்ஸில விண்டோஸ் அப்டேட்டில 11 வந்து நிண்டா டவுன்லோட் அண்ட் இன்ஸ்டோல், நிக்காட்டி இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் எடுத்து ஓட்டுங்கோ. பென் டிரைவால எண்டா மெஷின் ஓடிக்கொண்டிருக்கேக்க செட்டப்பைத் திறந்து, ஃபைலும் அப்பும் வச்சிருக்கவோ எண்டு கேக்கிற இடத்தில ஓம் எண்டதைத் தெரிவு செய்யுங்கோ, அப்ப ஃபொன்ட் உட்பட எல்லாம் அப்பிடியே இருக்கும். பழைய சுத்துற ஹாட் டிஸ்க் எண்டா ஒரு இடத்தில வந்து அரை மணித்தியாலம் அசையாம நிக்கும், நிண்டிட்டுது எண்டு நினைச்சு பவர் பட்டனை அமத்தாதேங்கோ, எழும்பிப் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. ஏலுமெண்டா அப்கிரேட்டுக்கு முன்னம் எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) ஒண்டு போடுங்கோ, புது மெஷின் வாங்கினமாதிரி இருக்கும்.

உங்கட மெஷின் 11க்குச் சரிவராட்டி ரெண்டு வழி. முதலாவது நான் மேல சொன்ன அந்த ஒரு வருச நீட்டிப்பு. செட்டிங்ஸில விண்டோஸ் அப்டேட்டுக்குள்ள என்ரோல் எண்டு நிக்கும், மைக்ரோசொப்ட் அக்கவுண்ட் ஒண்டு வேணும், செட்டிங்ஸைக் கிளவுட்டில பேக்கப் பண்ண விட்டா காசு இல்லை, இல்லாட்டி 1000 ரிவோர்ட்ஸ் பொயின்ட்ஸ், அதுவும் இல்லாட்டி 30 டொலர், எங்கட காசுக்கு ஒன்பதாயிரம் அளவில வரும், ஒரு அக்கவுண்டால 10 மெஷின் வரைக்கும் பதியலாம். பிந்திப் பதிஞ்சாலும் முடியிற திகதி அதேதான். இது வீடு மாறுறதுக்கு எடுத்த தவணை மாதிரி, அந்த நேரத்துக்குள்ள மற்ற ஒழுங்கைப் பாக்கோணும்.

ரெண்டாவது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச இயங்குதளம். 22 வரிசை 2029 ஏப்ரல் வரைக்கும் சப்போர்ட், பழைய நாலாவது ஜெனரேஷனிலயும் லேசா ஓடும், பென் டிரைவில இருந்தே இன்ஸ்டோல் பண்ணாம ஓட்டிப் பாக்கலாம். வேர்ட்டுக்குப் பதிலா லிப்ரே ஒபிஸ், பாமினி ஃபொன்ட் ஃபைலை டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்தா ஏறிடும், அடிக்கிறது இங்கிலீஷ் கீபோர்டிலதானே, அதால ஒண்டும் புதுசாப் பழகத் தேவையில்லை. கணக்கு சொப்ட்வெயார் விண்டோஸ் மட்டும் எண்டா இது சரிவராது, முதலே பாருங்கோ. டிபிஎம்மைச் சுத்திப் போய் 11ஐ வலுக்கட்டாயமாப் போடுற வழியும் இருக்கு, வீட்டில சும்மா விளையாட எண்டா உங்கட விருப்பம், ஆனா அந்த மெஷினுக்கு அப்டேட் வரும் எண்டு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தராது, ஊராக்களின்ர அடையாள அட்டை ஏறி இறங்கிற கடை மெஷினில நான் அதைச் செய்யமாட்டன்.

போட்டு முடிஞ்சா அக்டிவேஷன், வைபை, சத்தம், பிரிண்ட் ஒண்டு, ஸ்கான் ஒண்டு, பழைய தமிழ் ஃபைல் ஒண்டு, கணக்கு சொப்ட்வெயார், எல்லாத்தையும் அண்டைக்கே பாருங்கோ. பத்து நாளுக்குள்ள எண்டா ரிக்கவரிக்குள்ள போய் பழையபடி 10க்குத் திரும்பலாம், அதுக்கு சி டிரைவில விண்டோஸ் ஓல்ட் எண்டு நிக்கிற போல்டர் தேவை, இடம் காணாது எண்டு அவசரப்பட்டு அதை அழிச்சுப்போடாதேங்கோ. பேக்கப் எடுத்த டிஸ்க்கையும் ஒரு மாசத்துக்கு வேற ஒண்டுக்கும் பாவிக்காம அலுமாரிக்குள்ள வையுங்கோ. கடை வச்சிருக்கிற ஆக்கள் டேர்ம் டெஸ்ட் நேரத்தில தொடங்காதேங்கோ, போயா லீவு ஒண்டு பாத்து முதல்நாள் பின்னேரம் பேக்கப்பைத் தொடங்கினா அடுத்தநாள் முழுக்க கையில இருக்கும்.